கர்ப்பம் இல்லை, ஆனால் பால் கசிகிறது: முதலில் குளிசை அட்டையைப் பாருங்கள்

கேள்வி: வயது 31, வெள்ளவத்தை. கடைசிப் பிள்ளைக்குப் பால் நிறுத்தி மூன்று வருடமாகிறது. இப்போது இரண்டு மார்பிலும் பால்போலக் கசிகிறது, மாதவிடாயும் பிந்துகிறது. வீட்டில் பரிசோதித்தேன், கர்ப்பம் இல்லை. காஸ்ட்ரைட்டிஸுக்குக் குளிசை எடுக்கிறேன். புற்றுநோயா? உடனே மூளை ஸ்கான் எடுக்கவா?

பதில்: பயப்படாதீர்கள். இரண்டு பக்கமும் பால்நிறத்தில் கசிவது பெரும்பாலும் புற்றுநோயால் அல்ல. ஸ்கானுக்கும் இப்போது அவசரமில்லை.

பாலைச் சுரக்க வைக்கும் ஹோர்மோன் புரோலக்டின். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அதை உண்டாக்குகிறது. மூளையில் சுரக்கும் டோபமின் என்ற இரசாயனம்தான் அதை அடக்கி வைத்திருக்கிறது. டோபமினைத் தடுக்கும் எந்த மருந்தும் பாலைக் கொண்டுவரலாம். வயிற்றுப் பொருமலுக்கும் வாந்திக்கும் நம் பார்மசிகளில் சாதாரணமாகக் கிடைக்கும் டொம்பெரிடோன் அப்படிப்பட்டது. பால் போதாத தாய்மாருக்குச் சில வைத்தியர்கள் அதைக் கொடுப்பதும் இதனால்தான்! வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோலோடு டொம்பெரிடோன் சேர்ந்த கப்சியூலும் உண்டு, ஆகவே அட்டையில் உள்ள சின்ன எழுத்தையும் வாசியுங்கள். இருந்தால், எழுதித் தந்த வைத்தியரிடம் சொல்லி நிறுத்துங்கள். மனநல மருந்துகள் சிலவும் இதைச் செய்யும். அவற்றை மட்டும் ஒருபோதும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அப்புறம் இரத்தப் பரிசோதனை: புரோலக்டின், தைரொயிட்டுக்கு டி.எஸ்.எச்., கூடவே கர்ப்பப் பரிசோதனை இன்னொரு தடவை. தைரொயிட் குறைந்தாலும் பால் கசியும். பதற்றமே புரோலக்டினைக் கூட்டிவிடும் என்பதால், காலி வீதி நெரிசலில் ஓடிப்போய் உடனே கையை நீட்ட வேண்டாம், கொஞ்சம் அமர்ந்திருந்து கொடுங்கள். பெண்களுக்குப் பொதுவாக மில்லிலீற்றருக்கு 25 நனோகிராம் வரை இயல்பு. 200ஐத் தாண்டினால் பிட்யூட்டரியில் கட்டி இருக்கலாம், அப்போது எம்.ஆர்.ஐ. ஸ்கான் தேவைப்படும். மருந்தோ தைரொயிட்டோ காரணமாக இல்லாமல் அளவு தொடர்ந்து கூடியிருந்தாலும் எடுக்கச் சொல்வார்கள். அந்தக் கட்டி அநேகமாகப் புற்றுநோய் அல்ல. வாரம் இரு தடவை எடுக்கும் கபேர்கோலின் குளிசையிலேயே பெரும்பாலும் சுருங்கிவிடும். இதற்கு ஹோர்மோன் நிபுணரைச் சனல் பண்ணலாம், அல்லது அரசாங்க வைத்தியசாலை கிளினிக்குக்குக் கடிதம் கேட்கலாம்.

இன்னும் வருகிறதா என்று பிதுக்கிப் பார்க்காதீர்கள், அந்தத் தூண்டலே சுரப்பைத் தொடர வைக்கும்.

ஒரு மார்பில் மட்டும் கசிந்தால், இரத்தம் கலந்திருந்தால், கட்டி தட்டுப்பட்டால் மார்பக கிளினிக்குக்குத் தாமதிக்காமல் போங்கள். விடாத தலைவலியோடு பக்கவாட்டுப் பார்வை மங்கினால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.