ஸ்டாண்ட்பை சர்வர் பின்தங்கி நின்றுவிட்டால்: வால் கோப்புகளை யார், எவ்வளவு நேரம் காத்து வைப்பது?

வாசகர் கேள்வி: எங்கள் மொத்த விற்பனை நிறுவனத்தின் பில்லிங் தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 15-இல், உபுண்டு சர்வரில் இயங்குகிறது, அளவு 180 ஜிபி. முதன்மை சர்வர் தலைமை அலுவலகத்திலும், அதன் நகலாக இயங்கும் ஸ்டாண்ட்பை வேறோர் ஊரில் உள்ள கிளையிலும் இருக்கின்றன. இடையில் 50 எம்பிபிஎஸ் இணைப்பு. கடந்த வெள்ளி மாலை அறுந்த இணைப்பு திங்கள் காலைதான் சரியானது. அதன் பிறகு ஸ்டாண்ட்பை முன்னேறவே இல்லை. ‘கேட்கப்பட்ட வால் (WAL, மாற்றப் பதிவேடு) செக்மென்ட் ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டது’ என்ற பொருளில் லாகில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வருகிறது. சென்ற ஆண்டு ரெப்ளிகேஷன் (நகலெடுப்பு) ஸ்லாட் வைத்திருந்தபோது முதன்மை சர்வரின் டிஸ்க் நிரம்பி பில்லிங்கே நின்றுபோனதால், ஸ்லாட்டை நீக்கிவிட்டு பழைய வால் கோப்புகளை எவ்வளவு வைத்திருப்பது என்று சொல்லும் வால்_கீப்_சைஸ் அளவை 1 ஜிபி ஆக வைத்தோம். இப்போது என்ன செய்வது? சிங்க்ரனஸ் முறைக்கு மாறினால் இந்தத் தொல்லை தீருமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். தீராது, கூடும். சிங்க்ரனஸ்_ஸ்டாண்ட்பை_நேம்ஸ் பட்டியலில் இந்த ஒரே ஸ்டாண்ட்பையின் பெயரை எழுதி வைத்தால், இணைப்பு அறுந்த நொடியிலிருந்து முதன்மை சர்வரில் ஒவ்வொரு பில்லும் ஸ்டாண்ட்பையின் ஒப்புதலுக்காகக் காத்துக் கிடக்கும். இணைப்பு ஒரு வார இறுதி முழுவதும் அறுந்து கிடக்கக்கூடிய இடத்தில் அந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி, நடந்தது என்ன என்று பார்ப்போம். போஸ்ட்கிரெஸ் எந்த மாற்றத்தையும் தரவுக் கோப்பில் எழுதும் முன் வால் எனப்படும் பதிவேட்டில் எழுதுகிறது. அந்தப் பதிவேடு 16 எம்பி அளவுள்ள கோப்புகளாக பிஜி_வால் கோப்புறையில் சேர்கிறது. ஸ்டாண்ட்பை அதை வாங்கி, அதே வரிசையில் தன்னிடம் நிகழ்த்திக்கொள்கிறது. மாற்றங்களைத் தரவுக் கோப்புகளில் எழுதி முடிக்கும் செக்பாயிண்ட் முடிந்ததும் பழைய வால் கோப்புகள் முதன்மை சர்வருக்குத் தேவையில்லை; யாரும் பிடித்து வைக்கச் சொல்லாவிட்டால் அவற்றை அது அழித்துவிடும் அல்லது பெயர் மாற்றி மறுபடி பயன்படுத்திக்கொள்ளும். ஆகவே, ஸ்டாண்ட்பை வந்து வாங்கும் வரை அந்தக் கோப்புகளைக் காத்து வைப்பது யார் என்ற ஒரே கேள்வியில்தான் உங்கள் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

உங்கள் சர்வர் எவ்வளவு வால் எழுதுகிறது என்று நீங்கள் குறிப்பிடவில்லை. அதை அறிவது எளிது: வால் எதுவரை எழுதப்பட்டிருக்கிறது என்ற இடத்தை (எல்எஸ்என்) சொல்லும் பிஜி_கரன்ட்_வால்_எல்எஸ்என் சார்பை ஒரு மணி நேர இடைவெளியில் இரு முறை இயக்கி, கிடைக்கும் இரு மதிப்புகளின் வித்தியாசத்தை பிஜி_வால்_எல்எஸ்என்_டிஃப் மூலம் பைட்டுகளில் பெறுங்கள். விற்பனை மும்முரமாக இருக்கும் நேரத்தில் ஒரு தடவையும், இரவில் ஒரு தடவையும் அளப்பது நல்லது. எடுத்துக்காட்டாக மணிக்கு 40 கோப்புகள், அதாவது 640 எம்பி என்று வைத்துக்கொண்டால், நீங்கள் ஒதுக்கிய 1 ஜிபி ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் தாங்கும். வெள்ளி மாலை 6 மணி முதல் திங்கள் காலை 8 மணி வரை 62 மணி நேரம்; அதற்கு ஏறத்தாழ 39 ஜிபி வேண்டும். உங்கள் ஏற்பாடு வெள்ளி இரவே முறிந்துவிட்டது. திங்கள் காலையில்தான் அது உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

சென்ற ஆண்டு ஸ்லாட் டிஸ்க்கை நிரப்பியதும் இதே கணக்கின் மறுபக்கம்தான். ஸ்லாட் என்பது, இந்த ஸ்டாண்ட்பை இதுவரைதான் வாங்கியிருக்கிறது, அதற்கு மேற்பட்டதை அழிக்காதே என்று முதன்மை சர்வரில் வைக்கப்படும் குறிப்பு. ஸ்டாண்ட்பை வராமலே போனால் அந்தக் குறிப்பு எத்தனை நாளானாலும் கோப்புகளைப் பிடித்து வைத்திருக்கும். இதற்கு வரம்பு விதிக்கும் மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் என்ற அமைப்பு 2020-இல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. ஆனால் அதன் இயல்பு மதிப்பு -1, அதாவது வரம்பே இல்லை. நீங்கள் ஸ்லாட்டை நீக்கியிருக்க வேண்டியதில்லை. வரம்பை வைத்திருந்தாலே போதும். டிஸ்க் நிரம்பியதைக் கண்டு பதறி, பிஜி_வால் கோப்புறைக்குள் கையால் கோப்புகளை அழிப்பவர்கள் உண்டு. நீங்கள் அதைச் செய்யாமல் ஸ்லாட்டை நீக்கியது உங்கள் தரவுத்தளத்தைக் காப்பாற்றியிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இப்போது நின்றுபோன ஸ்டாண்ட்பைக்கு வருவோம். விடுபட்ட வால் கோப்புகள் வேறெங்காவது ஆர்க்கைவ் செய்யப்பட்டிருந்தால் (அதாவது தனியாக நகலெடுத்துச் சேமிக்கப்பட்டிருந்தால்), ஸ்டாண்ட்பையில் ரெஸ்டோர்_கமாண்ட் எழுதி அங்கிருந்து எடுக்கச் சொன்னாலே அது பிடித்துக்கொண்டு வந்துவிடும். உங்கள் கேள்வியில் ஆர்க்கைவ் பற்றிப் பேச்சே இல்லாததால், அது இல்லை என்றே கொள்கிறேன். அப்படியானால் முதன்மையின் தரவு முழுவதையும் நகலெடுக்கும் பிஜி_பேஸ்பேக்கப் மூலம் ஸ்டாண்ட்பையைப் புதிதாக எழுப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

அந்த வேலையைத் தொடங்கும் முன் ஒரு நிகழ்வைச் சொல்ல வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று, நிரலாளர்களின் மூல நிரல்களைச் சேமிக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் உங்களுக்கு வந்த இதே சிக்கல் வந்தது: ஸ்டாண்ட்பை பின்தங்கியது, தேவையான வால் கோப்புகள் முதன்மையில் அழிந்துவிட்டன, ஆர்க்கைவ் இல்லை. பொறியாளர் பிஜி_பேஸ்பேக்கப்பை இயக்கினார். அது எதுவும் சொல்லாமல் நின்றது. முதன்மை சர்வர் தரவை அனுப்பத் தொடங்குவதற்காக அது அமைதியாகக் காத்திருந்தது என்பது அப்போது அங்கே யாருக்கும் தெரியவில்லை. பழைய தரவுக் கோப்புறை இருப்பதுதான் தடை என்று எண்ணி அதை அழிக்கப் போனவர், ஸ்டாண்ட்பை என்று நினைத்து முதன்மை சர்வரில் அந்தக் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தியபோது, சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மட்டுமே எஞ்சியிருந்தது. ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு திரும்பக் கிடைக்கவே இல்லை. இவற்றையெல்லாம் ஒளிக்காமல் எழுதி வெளியிட்ட அந்த நிறுவனத்துக்கு இந்தத் தொழிலில் இருக்கும் நாம் அனைவரும் கடன்பட்டிருக்கிறோம்.

ஆகவே, எந்தக் கோப்புறையைத் தொடும் முன்னும் அதே சர்வரில் பிஜி_இஸ்_இன்_ரெகவரி சார்பை இயக்கிப் பாருங்கள். உண்மை என்று விடை வந்தால்தான் அது ஸ்டாண்ட்பை. பிறகு அங்கே போஸ்ட்கிரெஸ்ஸை நிறுத்திவிட்டு, பழைய தரவுக் கோப்புறையை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி வையுங்கள். டிஸ்க்கில் இடம் போதாது என்றால் கூடுதல் டிஸ்க் ஒன்றை வாங்கி மாட்டச் சொல்வேன்.

முதன்மை சர்வரில் முதலில் ஸ்லாட்டுக்கான வரம்பை வையுங்கள். மேற்சொன்ன கணக்குப்படி 39 ஜிபி தேவை என்றால், பண்டிகை விடுமுறை சேர்ந்து வரும் நாட்களையும் எண்ணி 60 ஜிபி என்று வைக்கலாம். பிஜி_வால் இருக்கும் டிஸ்க்கில் அதைவிடத் தாராளமாகக் காலியிடம் இருக்க வேண்டும். இந்த மாற்றத்துக்கு ரீலோட் போதும், ரீஸ்டார்ட் தேவையில்லை. ரெப்ளிகேஷன் பயனரும், யார் இணையலாம் என்று சொல்லும் பிஜி_ஹெச்பிஏ.கான்ஃப் கோப்பின் வரியும் உங்களிடம் ஏற்கெனவே உள்ளன. புதிதாக அமைப்பவர்கள் மட்டும், தரவுத்தளப் பெயர் இடத்தில் ‘ஆல்’ என்று எழுதினால் அது ரெப்ளிகேஷன் இணைப்பைச் சேர்த்துக்கொள்ளாது, ‘ரெப்ளிகேஷன்’ என்றே எழுத வேண்டும் என்பதை நினைவில் கொள்ளவும்.

பின்பு ஸ்டாண்ட்பை சர்வரில், போஸ்ட்கிரெஸ் பயனராக நுழைந்து பிஜி_பேஸ்பேக்கப்பை இயக்குங்கள். --கிரியேட்-ஸ்லாட், --ஸ்லாட் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஸ்லாட் அப்போதே உருவாகி, நகல் எடுக்கும் நேரத்தில் எழுதப்படும் வாலும் பாதுகாக்கப்படும். --ரைட்-ரெகவரி-கான்ஃப் கொடுத்தால் ஸ்டாண்ட்பை.சிக்னல் கோப்பையும் இணைப்பு விவரங்களையும் அதுவே எழுதி வைத்துவிடும். --செக்பாயிண்ட்=ஃபாஸ்ட், --புரோகிரஸ் இரண்டையும் மறக்க வேண்டாம்; முதலாவது மேலே சொன்ன மௌனக் காத்திருப்பைச் சுருக்கும், இரண்டாவது வேலை நகர்கிறதா என்று காட்டும். 180 ஜிபி உங்கள் 50 எம்பிபிஎஸ் இணைப்பில் முழு வேகத்தில் போனாலே எட்டு மணி நேரம் ஆகும். 15-ஆம் பதிப்பில் --கம்ப்ரெஸ்=சர்வர்-ஜிஜிப் என்று கொடுத்தால் முதன்மையிலேயே சுருக்கி அனுப்பி, இங்கே விரித்துக்கொள்ளும்; நேரம் குறையும், ஆனால் முதன்மையின் சிபியூ உழைக்கும். கடை நேரம் முடிந்த பிறகு தொடங்குங்கள்.

உபுண்டுவில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அங்கே போஸ்ட்கிரெஸ்கியூஎல்.கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பு தரவுக் கோப்புறைக்கு வெளியே, இடிசி கோப்புறையின் கீழ் இருப்பதால், பிஜி_பேஸ்பேக்கப் அதை நகலெடுப்பதில்லை. முதன்மையில் மேக்ஸ்_கனெக்ஷன்ஸ் (ஒரே நேரத்தில் அனுமதிக்கும் இணைப்புகள்) 300, ஸ்டாண்ட்பையில் இயல்பான 100 என்றிருந்தால், அளவுகள் போதவில்லை என்று சொல்லி ஸ்டாண்ட்பை தொடங்கவே மறுக்கும். இது போன்ற அளவுகளை உயர்த்தும்போது முதலில் ஸ்டாண்ட்பையிலும் பிறகு முதன்மையிலும் உயர்த்துங்கள். குறைக்கும்போது வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

இரு சர்வர்களிலும் உபுண்டு பதிப்பு ஒன்றுதானா என்றும் பாருங்கள். கிளையில் பழைய கணினி ஒன்றை ஸ்டாண்ட்பையாக வைப்பது வழக்கம் என்பதால் கேட்கிறேன். இந்த வகை ரெப்ளிகேஷனில் இண்டெக்ஸ் (தேடலுக்கான வரிசைப் பட்டியல்) அப்படியே பைட்டு பைட்டாக நகலாகிறது. ஆனால் எழுத்துகளின் வரிசை முறையை, ஐசியூ என்ற தனி நூலகத்தைத் தேர்ந்தெடுக்காத தரவுத்தளத்தில், இயங்குதளத்தின் ஜிலிப்சி நூலகம்தான் சொல்கிறது. 2018-இல் வந்த ஜிலிப்சி 2.28 அந்த வரிசையைப் பெருமளவு மாற்றியது. உபுண்டு 18.04-இல் இருப்பது 2.27, 20.04-இல் இருப்பது 2.31. ஒன்று இதுவும் மற்றொன்று அதுவுமாக இருந்தால், ரெப்ளிகேஷன் எந்தப் பிழையும் காட்டாமல் ஓடும். ஆனால் ஸ்டாண்ட்பையில் வாடிக்கையாளர் பெயரைத் தேடினால் இருக்கும் வரி இல்லை என்று விடை வரக்கூடும். அதை முதன்மையாக உயர்த்தும் நாளில்தான் இந்தக் கேடு வெளிப்படும் என்பதால், இதை நான் மற்ற எல்லாவற்றையும்விட அஞ்சுகிறேன்.

ஸ்டாண்ட்பை ஓடத் தொடங்கியதும், முதன்மை சர்வரில் பிஜி_ஸ்டாட்_ரெப்ளிகேஷன் காட்சியில் நிலை ‘ஸ்ட்ரீமிங்’ என்று வர வேண்டும். பின்தங்கலைப் பலரும் ஸ்டாண்ட்பையில், கடைசியாக நிகழ்த்திய மாற்றத்தின் நேரத்தைச் சொல்லும் பிஜி_லாஸ்ட்_ஸாக்ட்_ரீப்ளே_டைம்ஸ்டாம்ப் கொண்டு நேரத்தில் அளக்கிறார்கள். முதன்மையில் வேலையே நடக்காத இரவில் அந்த நேரம் தானாக வளர்ந்துகொண்டே போகும். நான் பணியாற்றிய ஓர் இடத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு ஐந்து மணி நேரப் பின்தங்கல் என்று எச்சரிக்கை அடித்து எழுப்பியதற்குக் காரணம் இதுதான். பைட்டுகளில் பார்த்தபோது பின்தங்கல் பூஜ்ஜியம். எனவே முதன்மையிலேயே, நடப்பு எல்எஸ்என்னுக்கும் ரீப்ளே_எல்எஸ்என்னுக்கும் (ஸ்டாண்ட்பை நிகழ்த்தி முடித்த இடம்) உள்ள இடைவெளியைப் பைட்டுகளில் கண்காணியுங்கள். சென்ட்_எல்எஸ்என்னுக்கும் (முதன்மை அனுப்பிய இடம்) ஃப்ளஷ்_எல்எஸ்என்னுக்கும் (ஸ்டாண்ட்பை தன் டிஸ்க்கில் எழுதிய இடம்) இடையில் பள்ளம் விழுந்தால் இணைப்பையோ ஸ்டாண்ட்பையின் டிஸ்க்கையோ சந்தேகியுங்கள். ஃப்ளஷ் சரியாக இருந்து ரீப்ளே மட்டும் நின்றால், ஸ்டாண்ட்பையில் யாரோ நீண்ட அறிக்கை ஓட்டிக்கொண்டிருப்பார்கள்; இயல்பாக 30 நொடி பொறுத்த பிறகு போஸ்ட்கிரெஸ் அந்த அறிக்கையை ரத்து செய்துவிடும், பொறுக்கும் நேரத்தைக் கூட்டியிருந்தால் அவ்வளவு நேரம் ரீப்ளே காத்திருக்கும்.

அத்துடன் பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ் காட்சியில் வால்_ஸ்டேட்டஸ் நெடுவரிசையைத் தினமும் பாருங்கள். ‘ரிசர்வ்டு’, ‘எக்ஸ்டெண்டட்’ இரண்டும் கவலைக்குரியவை அல்ல. ‘அன்ரிசர்வ்டு’ வந்தால் வரம்பைத் தாண்டிவிட்டது, உடனே இணைப்பைச் சரிசெய்தாக வேண்டும். ‘லாஸ்ட்’ என்றால் மீண்டும் பேஸ்பேக்கப்தான், ஆனால் பில்லிங் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டாண்ட்பையைப் பலி கொடுத்தாவது முதன்மையைக் காப்பதற்காகத்தான் இந்த வரம்பை வைக்கிறோம்.

இதற்கு மேல் வால் ஆர்க்கைவும் அமைக்கச் சொல்வேன். வரம்பைத் தாண்டி ஸ்லாட் கைவிட்டாலும் ரெஸ்டோர்_கமாண்ட் வழியாக ஸ்டாண்ட்பை மீண்டு வர அது உதவும். மேலும், யாரோ தவறுதலாக ஒரு டேபிளை அழித்தால் அந்த அழிப்பும் சில நொடிகளில் ஸ்டாண்ட்பைக்குப் போய்விடும் என்பதால், ஸ்டாண்ட்பை ஒருபோதும் பேக்கப் ஆகாது. அவ்வப்போது எடுத்து வைக்கும் பேஸ்பேக்கப்பும் ஆர்க்கைவும் சேர்ந்தால்தான் அழிப்புக்கு முந்தைய நிமிடத்துக்குத் திரும்ப முடியும். ஆர்க்கைவ்_மோடை இயக்க ஒரு ரீஸ்டார்ட் வேண்டும். ஒன்றில் மட்டும் விழிப்பாக இருங்கள்: ஆர்க்கைவ்_கமாண்ட் தோல்வியடைந்தாலும் வால் கோப்புகள் பிஜி_வாலில் தேங்கும், ஸ்லாட்டுக்கு வைத்த வரம்பு இதைக் கட்டுப்படுத்தாது. பிஜி_ஸ்டாட்_ஆர்க்கைவரில் தோல்வி எண்ணிக்கை ஏறினால் அன்றே கவனியுங்கள்.

எல்லாம் அமைந்த பிறகு, ஒரு சனிக்கிழமை மதியம் நீங்களே கிளையின் இணைப்பை இரண்டு மணி நேரம் துண்டித்துப் பாருங்கள். பழைய ஏற்பாடு தாங்கியிராத நேரம் அது. பிஜி_வால் கோப்புறை எவ்வளவு வளர்கிறது என்று குறித்துக்கொண்டு மீண்டும் இணையுங்கள். நான் எடுத்துக்கொண்ட வேகமே உங்கள் வேகமும் என்றால், சேர்ந்திருக்கும் ஒன்றேகால் ஜிபியை ஸ்டாண்ட்பை நான்கைந்து நிமிடங்களில் வாங்கிவிடும். அந்த அளவுகளை எனக்கு எழுதினால், 60 ஜிபி என்ற வரம்பு உங்களுக்குப் போதுமா என்று சேர்ந்து கணக்கிடலாம்.