வீட்டில் நடந்த இறப்பை நான்கு மாதம் கழித்துப் பதியலாமா?

கேள்வி: நான்கு மாதங்களுக்கு முன் என் அம்மா கிராமத்து வீட்டில் இறந்துவிட்டார். வயது 61. சர்க்கரை நோய் இருந்தது, காலில் ஆறாத புண். கடைசி நாட்களில் கடும் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. அவர் பெயரில் சொத்து எதுவும் இல்லாததால் இறப்பைப் பதியாமல் விட்டுவிட்டோம். இப்போது வங்கியில் இறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். இனிமேல் பதிய முடியுமா? காரணம் கேட்டால் ‘மாரடைப்பு’ என்று சொல்லிவிடு என்கிறார் மாமா. (வாசகி, திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: பதிய முடியும், கவலைப்படாதீர்கள். ஆனால் மாமா சொன்னபடி மட்டும் செய்யாதீர்கள்.

முதலில் பதிவு. 21 நாட்களுக்குள் தெரிவித்திருந்தால் கட்டணமே இல்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம். அதற்குமேல் ஓராண்டு வரை, கட்டணத்தோடு மேலதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதியும் வேண்டும். நீங்கள் இந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள். ஓராண்டு தாண்டிவிட்டால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) உத்தரவு வரை போகவேண்டி வரும், அதனால் இந்த மாதமே கிளம்புங்கள். நீங்கள் இப்போது எந்த ஊரில் குடியிருந்தாலும் சரி, இறப்பு நடந்த இடத்தில்தான் பதிய வேண்டும். கிராமத்தில் வி.ஏ.ஓ.தான் பதிவாளர். யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதையும் அவரே சொல்வார். அம்மாவின் ஆதார், ரேஷன் கார்டு, சர்க்கரைக்கு மாத்திரை வாங்கிய சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். உயிர் பிரிந்தது நள்ளிரவுக்கு முன்பா பின்பா என்று வீட்டில் கேட்டுத் தேதியை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இனி காரணம். யார் இறந்தாலும் கடைசியில் இதயம் நிற்கத்தான் செய்யும். அதனால்தான் டாக்டர் எழுதும் படிவத்தில் உடனடிக் காரணம், அதைக் கொண்டுவந்தது எது, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த நோய் எது என்று படிப்படியாகக் கேட்கிறார்கள். உங்கள் அம்மாவை நான் பார்க்கவில்லை, எனவே தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனால் சர்க்கரையால் புண் ஆறாமல் போய், அதிலிருந்து கிருமி உடம்பெல்லாம் பரவிக் காய்ச்சல் கண்டிருக்கலாம். எனக்கு எழுதியதை அப்படியே வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்கள், போதும். ‘மாரடைப்பு’ என்றால் சர்க்கரை நோய் கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

இந்தியாவில் 2020-ல் பதிவான இறப்புகளில் டாக்டர் காரணம் எழுதிக் கொடுத்தவை 22.5 சதவீதம்தான். மற்றவற்றுக்குப் பெரும்பாலும் வீட்டார் வாய்ச்சொல்தான் ஆதாரம். பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். வீடு வீடாகப் போய், இறந்தவர் கடைசியில் எப்படி இருந்தார் என்று கேட்டு, அந்த விவரத்தை டாக்டர்களிடம் கொடுத்துக் காரணம் கண்டுபிடித்த பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. 2005-ல் மட்டும் சுமார் 46,000 பேர் பாம்பு கடித்து இறந்திருப்பார்கள் என்று அது மதிப்பிட்டது. அரசுப் புள்ளிவிவரத்தில் இருந்தது அதில் சிறு பங்கு. ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமலே போனவர்களை யார் எண்ணுவது? எண்ணிக்கை தெரியாத ஊருக்கு எவ்வளவு விஷமுறிவு மருந்து அனுப்புவது?

இன்னொன்று. சட்டப்படி, உங்கள் கைக்கு வரும் சான்றிதழில் இறப்புக்கான காரணம் அச்சாகாது. பதிவேட்டில் மட்டும்தான் இருக்கும். ஆகவே ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற தயக்கம் வேண்டாம். (ஆஸ்பத்திரியில் இறந்தவர்களின் வீட்டார் கவனிக்க: காரணம் எழுதிய சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்கு ஆஸ்பத்திரி தரவேண்டும் என்று 2023 சட்டத்திருத்தம் சொல்கிறது. இன்சூரன்ஸுக்கு உதவும், கேட்டு வாங்குங்கள்.)

‘சொத்து இல்லாததால் பதியவில்லை’ என்ற வரிதான் என்னை வருத்தியது. பட்டாவும் பென்ஷனும் ஆண்கள் பெயரில் இருப்பதால் அவர்கள் சாவு பதிவேட்டுக்கு வந்துவிடுகிறது. பெண்கள் சாவும் குழந்தைகள் சாவும் சுடுகாட்டோடு நின்றுவிடுகின்றன. கிராமத்துச் சுடுகாட்டில் பெரும்பாலும் யாரும் காகிதம் கேட்பதில்லை. அந்தப் பெண்களுக்கு என்ன நோய் வந்தது, எந்த வயதில் போனார்கள் என்பது யாருக்கும் தெரியாமலே போகிறது. வங்கி கேட்டதால் என்றாலும், நீங்கள் போகப்போவதில் எனக்கு நிம்மதி.

கையெழுத்துப் போடும் முன் பெயர், இனிஷியல், வயது மூன்றையும் வங்கி பாஸ்புக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிழையைப் பிறகும் ஆதாரம் காட்டித் திருத்தலாம், ஆனால் ஒரே எழுத்துக்காகப் பல நாள் அலைய வேண்டியிருக்கும்.