கப்பைக் கொங்கிறீற்றுக்குள் புதைக்க வேண்டாம்

யாழ்ப்பாணத்து உரும்பிராயிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வளவின் பின்பக்கம் 10 அடிக்கு 8 அடியில் ஒரு மரக் கொட்டில் கட்ட நினைக்கிறார். தண்ணி இறைக்கிற மெசின், மண்வெட்டி, உரப்பை, விதை வெங்காயம் எல்லாம் அதற்குள் வர வேண்டும். நிலம் கொங்கிறீற், மேலே மரச்சட்டம். கப்புகளை, அதாவது மரத்தூண்களை, நிறுத்தி வைத்துக்கொண்டே கொங்கிறீற்றை ஊற்றலாமா, கறையானுக்கு என்ன மருந்து அடிப்பது, ஓடாவியார் (தச்சர்) இல்லாமல் தானே செய்து முடிக்க முடியுமா என்று கேட்கிறார்.

செய்து முடிக்கலாம். ஆனால் கப்பைக் கொங்கிறீற்றுக்குள் மட்டும் விடாதீர்கள். நான் முதலில் கட்டிய கொட்டிலை அப்படித்தான் கட்டினேன். நல்ல வைரம் பாய்ந்த பனை. சில மாரிகளிலேயே நிலத்தோடு ஒட்டிய இடத்தில் உளுத்துப் போனது. மேலே கப்பு கல்லுப்போல இருந்தது. காரணம் இதுதான்: மரம் காயும்போது சுருங்கும், கொங்கிறீற் சுருங்கிக் கொடுக்காது. இரண்டுக்கும் நடுவே ஒரு நூலிடை விழும். அதற்குள் இறங்கிய மழைத்தண்ணீர் வெளியேற வழியில்லை. மரத்துக்குக் கீழே நாமே ஒரு கிண்ணம் செய்து வைத்ததுபோல் ஆகிவிடுகிறது.

ஆகவே கப்பு நடும் பழக்கத்தை விட்டு, கொங்கிறீற்றின் மேல் அடிச்சட்டம் படுக்க வைத்து, அதன்மேல் கால்களை நிறுத்துங்கள்.

முதலில் நிலம். உங்கள் பக்கம் செம்மண்; சில இடங்களில் பிக்கான் போட்டவுடனேயே சுண்ணக்கல் தட்டும். மேல்மண்ணை வேரோடு ஆறு அங்குலம் வழித்தெடுத்து, கல் உடைசல் போட்டு இடித்து இறுக்குங்கள். கொங்கிறீற்றின் மேல்முகம் சுற்றுநிலத்தை விட ஆறு அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். 2008 நவம்பரில் நிஷா புயல் மழைக்கு எங்கள் வளவுகளில் தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை. நடுவில் 4 அங்குலத் தடிப்பு, சுற்று விளிம்பில் 9 அங்குல ஆழம். சீமெந்து, மணல், சல்லி 1:2:4. இந்த அளவுக்கு 50 கிலோ மூடை ஏழு வரை போகும். கடற்கரை மணலும் உவர்க் கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம். உள்ளே இருக்கும் கம்பியையும் போல்ற்றையும் உப்பு தின்றுவிடும். அடியில் தடித்த பொலித்தீன் விரியுங்கள். ஊற்றுவதை ஒரே நாளில் முடிக்க வேண்டும், அன்றைக்கு மட்டும் இரண்டு மூன்று பேரைக் கூப்பிடுங்கள். சோளகக் காற்று (தென்மேல் காற்று) வீசும் நாளென்றால் மேல்முகம் மளமளவென்று காய்ந்து வெடிக்கும். நனைந்த சாக்குப் போட்டு ஏழு நாள் தண்ணீர் விடுங்கள்.

கொங்கிறீற் ஊற்றுமுன், சுற்றிப் பலகை அடைத்தவுடன் மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் 12 அடி 9¾ அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறைவாக வர வேண்டும். இங்கே அரை அங்குலம் பிசகினால் தகரம் போடும் நாளில் அது உங்களைத் தேடி வரும்.

கொங்கிறீற் ஈரமாக இருக்கும்போதே, அடியில் வளைத்த 12 மில்லிமீற்றர் போல்ற்றுகளை நிறுத்துங்கள். நாகம் (துத்தநாகம்) பூசியதாக இருக்கட்டும். நீளம் 10 அங்குலம்: ஆறு உள்ளே, நாலு வெளியே. மூலையிலிருந்து ஓரடியில் ஒன்று, பிறகு மூன்றடிக்கு ஒன்று, வாசலின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று.

இனி பலர் தவறவிடும் இடம். கொங்கிறீற் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டியிருந்தால் சுவரில் வழியும் மழை அந்தத் திண்ணையில் தங்கி, அடிச்சட்டத்தின் கீழே ஊறும். கொங்கிறீற்றும் சட்டமும் ஒரே வரியில் நிற்கட்டும். வெளிப்பலகை, அடுத்துச் சொல்லும் தகரப் பட்டிக்கு மேலேயே முடியட்டும்.

கறையானுக்கு மருந்து பற்றிக் கேட்டீர்கள். நான் ஊற்றச் சொல்லமாட்டேன். நம் நிலத்தின் அடியில் இருப்பது வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணக்கல். மேலே ஊற்றுவது நேரே கிணற்றுக்கு இறங்கும். அந்தக் கிணற்றைத்தான் குடிக்கிறோம். பழைய எஞ்சின் ஓயில் பூசுகிற வழக்கத்தையும் அதே காரணத்துக்காக விடுங்கள். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்து மக்கள் பட்ட பாடு மறக்கக் கூடியதல்ல. மருந்துக்குப் பதிலாக ஒரு தகரப் பட்டி போதும். கொங்கிறீற்றின் மேல் தார்த்தாள், அதன்மேல் நாகம் பூசிய தகரம், அதன்மேல் அடிச்சட்டம். தகரத்தின் ஓரம் இரு பக்கமும் இரண்டு அங்குலம் வெளியே வந்து சரிவாகக் கீழே மடங்கியிருக்கட்டும். போல்ற் நுழையும் துளையைச் சுற்றித் தார் வைத்து அடையுங்கள். கறையான் அப்போதும் வரலாம். ஆனால் மண்கோடு போட்டு அந்த மடிப்பைச் சுற்றித்தான் ஏற வேண்டும். உங்கள் கண்ணில் படும், தட்டிவிடலாம். அதற்காக உரப்பையைச் சுவரோடு சாய்க்காமல் ஒரு சாண் இடம் விடுங்கள்.

அடிச்சட்டத்துக்கு 4க்கு 3 அங்குல முதிரை மரம், கால்களுக்கு 4க்கு 2 அங்குல வேம்பு, இரண்டடிக்கு ஒன்று. கூரைக்குப் பனஞ்சிலாகை. பனைக்கு முதலில் துளை போடுங்கள், இல்லாவிட்டால் ஆணி வளையும். மரம் தறிக்கவோ ஏற்றி வரவோ அனுமதி தேவைப்படும். முன்கூட்டியே பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். ஒவ்வொரு சுவரிலும் ஒரு சாய்வுக்கட்டை கட்டாயம். அது இல்லாத சட்டம் வாடைக்காற்றில் சாய்ந்துவிடும். கூரையைக் காற்று கீழிருந்து தூக்கும் என்பதால் கூரை தாங்கும் வளையிலிருந்து காலுக்கு, காலிலிருந்து அடிச்சட்டத்துக்கு இரும்புப் பட்டியால் தொடர்ந்து பிடியுங்கள். தாழ்வாரம் ஓரடிக்கு மேல் வேண்டாம்.

விதை வெங்காயம் தொங்கவிடுவதால் கூரையின் கீழே ஆறு அங்குலம் திறந்து விட்டு வலை அடியுங்கள். வாசலைத் தெற்கே வையுங்கள், மாரி மழை வடகிழக்கிலிருந்து அடிக்கும்.

ஆவணியில் கொங்கிறீற் போட்டால் ஐப்பசி மழைக்கு முன் தகரம் ஏறிவிடும். அடுத்த பங்குனி வெயிலில் மரம் சுருங்கியிருக்கும், போல்ற்று நட்டுகளை ஒரு தடவை இறுக்கிக்கொள்ளுங்கள்.