கிளையில் கூட்டம் குறையவில்லை, பங்கு விலை மட்டும் ஏன் ஆடுகிறது?
திருகோணமலைக் கிளையில் வரிசை வழக்கம்போல நிற்க, அந்தச் சிறிய வங்கியின் பங்கு ஒரே நாளில் 6% விழுந்து மறுநாள் ஏறுவதேன் என்று கேட்டிருக்கிறீர்கள். வரிசையை விடுங்கள், மூலதனத்தைப் பாருங்கள். 100 ரூபாய் சொத்தில் வங்கியின் சொந்தப் பணம் 10 ரூபாய் என்று வையுங்கள். மீதி பெரும்பாலும் வைப்பாளர்களுடையது. நிலாவெளி ஹோட்டல், கந்தளாய் நெல் ஆலை என்று கொடுத்த கடனில் 2 ரூபாய் திரும்பாவிட்டால் சொந்தப் பணத்தில் ஐந்திலொன்று போயிற்று! கடன்கள் ஓரிரு மாவட்டங்களுக்குள்ளேயே கிடந்தால் ஒரு மோசமான பருவமே போதும்.

வட்டியும் உலுக்கும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் ஏற்றியது. வட்டி ஏறினால் வங்கி கையில் வைத்திருக்கும் பழைய திறைசேரி முறிகளின் (அரசின் கடன் பத்திரங்கள்) மதிப்பு இறங்கும்.

அப்புறம், விழுந்த அன்று எத்தனை பங்குகள் கைமாறின என்று பாருங்கள். சில நூறுதான் என்றால், யாரோ அவசரத்துக்கு விற்றிருக்கலாம். நான் அதைப் பெரிதாக எடுக்க மாட்டேன்.