கப்பலேறிய முன்னோரும் பால்புதுமை நாடகமும்: கேள்வி பதில்

ஒப்பந்தக் கூலிகளாகக் கடல் கடந்தவர்களிடையே பால்புதுமை (queer: பாலினத்திலோ ஈர்ப்பிலோ வழக்கமான வரையறைக்குள் அடங்காத) முன்னோரைத் தேடும் நாடகங்கள் குறித்து வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கே: என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர். மணமாகவில்லை, இன்னொரு ஆணோடுதான் கடைசிவரை வாழ்ந்தாராம். அவரைத் தன்பால் ஈர்ப்பாளராகக் காட்டலாமா?

நாடகம் எழுதுங்கள், தீர்ப்பு எழுதாதீர்கள். முன்னோர் என்றால் பெற்றவர்களைப் பெற்றவர்கள் என்றே நினைக்கிறோம். பிள்ளையில்லாத சித்தப்பாக்களும் அத்தைகளும் குடும்பக் கதையிலிருந்து நழுவிவிடுகிறார்கள். நாம் தேடுபவர்கள் பலர் அங்கேதான் இருப்பார்கள். ஆனால் 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்பதுதான் கப்பலேற்றுவதற்கு அரசு வகுத்த விகிதம். ஒருவர் மணமாகாமல் இருந்ததற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். இரண்டு சாத்தியங்களும் மேடையில் உயிரோடு இருக்கட்டும். ஒரு எச்சரிக்கை: இல்லாத கடிதத்தை நீங்களே எழுதி, டிரங்குப் பெட்டியில் கிடைத்ததாகக் காட்டாதீர்கள்.

கே: பெரிய அரங்க அமைப்புக்குப் பணமில்லை. தோட்டத்தை எப்படிக் காட்டுவது?

பத்தடிக்கு ஏழடி என்று சுண்ணாம்புக் கட்டியால் தரையில் ஒரு கட்டம் போடுங்கள். ஃபிஜி கூலி லயன்களில் மணமாகாத ஆண்கள் மூவருக்கு அல்லது ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கிய அறை அவ்வளவுதான். மூன்று நடிகர்களை அதற்குள் படுக்கவையுங்கள். யார் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறார்கள் என்பதே முதல் காட்சி.

கே: இப்படிப்பட்ட உறவுகளுக்கு ஆதாரம் உண்டா?

உண்டு, ஆனால் பெரும்பாலும் குற்றக் குறிப்புகளாக. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் தங்கச் சுரங்கங்களின் சீன ஒப்பந்தத் தொழிலாளர்களிடையே "இயற்கைக்கு மாறான" உறவு இருக்கிறதா என்று 1906-இல் ரகசிய விசாரணையே நடந்தது. நம் பக்கம் பாருங்கள்: நேட்டாலுக்கு முதல் இந்தியக் கூலிகளை ஏற்றிச்சென்ற ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனை அடைந்தது 1860 நவம்பரில். தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவைக் கொண்ட இந்தியத் தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டதும் அதே 1860-இல்தான். அஞ்சி வாழ்ந்தவர்கள் எழுதிவைக்கவில்லை என்பதை இல்லாமைக்குச் சாட்சியாக்காதீர்கள்.

கே: மொரிஷியஸ் முன்னோரின் பதிவை எங்கே தேடுவது?

மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் கேளுங்கள்.

கே: "ஜகாஜி பாய்" என்றால் காதலர்தானே?

இல்லை. ஒரே கப்பலில் வந்த சகோதரன். அந்த உறவுக்குள் காதலும் இருந்திருக்கலாம், அவ்வளவே.

கே: தெருக்கூத்தில் பெண் வேஷம் கட்டியவர்களைப் பால்புதுமை முன்னோர் என்று ஒரு கூட்டத்தில் பேசினீர்கள். என் அப்பா முப்பது வருடம் திரௌபதி கட்டியவர். நான்கு பிள்ளைகள் பெற்றவர். அவரை ஏன் இதில் இழுக்கிறீர்கள்?

உங்கள் கோபம் நியாயம். பெண் வேஷம் ஒரு தொழில். அடவும் குரலும் வாத்தியாரிடம் கற்ற வித்தை. நான் அப்படிப் பொதுவாகச் சொல்லியிருந்தால் தவறு. அதைத் திரும்பப் பெறுகிறேன்.

கே: திரும்பப் பெறாதீர்கள் அம்மா. நான் திருநங்கை. எங்கள் ஊர் கூத்து ஜமாவில்தான் (கூத்துக் குழுவில்தான்) முதன்முதலில் யாரும் அடிக்காமல் புடவை கட்டினேன்.

நீங்கள் சொல்வதைத் திரும்பப் பெற எனக்கு உரிமையே இல்லை. அவர் அப்பாவுக்கு வேஷம் விடிந்ததும் கலைந்தது. உங்களுக்கு விடிந்தபின் வேறு வேஷம் போட வேண்டியிருந்தது. ஒரே திரைக்குப் பின்னால் இருவரும் ஒப்பனை செய்துகொண்டிருக்கிறீர்கள். நேட்டாலுக்கும் அந்தக் கூத்து போனது. அங்கே அதற்கு "ஆறடி ஆட்டம்" என்ற பெயரும் உண்டு. அங்கே திரௌபதி கட்டியவர்களில் உங்களைப் போல ஒருவர் இருந்திருந்தால்? என் அடுத்த நாடகம் இந்தக் கேள்விதான்.

கே: நான் மறுபடி எழுதுகிறேன். அந்த நாடகத்தில் என் அப்பாவும் வரலாமா?

வரட்டும். அவருடைய பாட்டு ஏதாவது உங்களுக்குப் பாடத்தெரிந்தால், பதிவுசெய்து அனுப்புங்கள்.

கே: ஆதாரம் இருக்கிறதா?

மேலே எழுதிவிட்டேன். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கே: ஆதாரமே இல்லாமல் முன்னோரைக் களங்கப்படுத்தலாமா?

களங்கம் என்ற சொல்லை நீங்கள்தான் கொண்டுவருகிறீர்கள். மணமானவர் என்று நாம் எழுதும் முன்னோருக்கு எவரும் ஆதாரம் கேட்பதில்லை. இதே கேள்விக்கு இனிப் பதில் எழுதமாட்டேன்.

கே: கூத்தில் கதையை அறிவித்து நடத்தும் கட்டியங்காரன் பாத்திரம் தேவையா?

கட்டாயம் தேவை. "இது எங்கள் கற்பனை" என்று சபையிடம் நேராகச் சொல்ல அவனைவிட்டால் ஆளில்லை.