புலி அடித்த மாடு: புதைக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் புலிகள் காப்பகத்தை ஒட்டியது. மேயப்போன மாட்டைப் புலி அடித்துவிட்டது. உடனே புதைத்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பெரிய இரையைப் புலி ஒரே நாளில் தின்று தீர்க்காது, மறுபடி வரும். இரை இல்லையென்றால் அடுத்த மாட்டைத் தேடும். வனத்துறைக்கு அன்றே சொல்லுங்கள். அவர்கள் வருமுன் சடலத்தை நகர்த்த வேண்டாம். தனியாக அருகில் போகாதீர்கள், புலி புதரிலேயே படுத்திருக்கலாம். வன ஊழியர் துணையோடு கழுத்துக் கடியையும் கால்தடத்தையும் படமெடுங்கள்; தடத்தருகே தீப்பெட்டி வைத்தால் அளவு தெரியும். அடித்தது எது என்பதற்குத் தின்ற இடமும் ஓர் அடையாளம்: பெரும்பாலும் புலி பின்தொடையிலிருந்தும் சிறுத்தை வயிற்றிலிருந்தும் தின்னத் தொடங்கும். இழப்பீட்டுக்குக் கால்நடை மருத்துவர் சான்றும் வாங்கிவையுங்கள். புலியைக் கொல்லச் சடலத்தில் பூச்சிமருந்து தெளிக்கும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள்: 1972-ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சிறை கிடைக்கும்; பிணந்தின்னும் பாறு கழுகு, நரி, ஊர்நாய் எல்லாம் சேர்ந்து சாகும்.