புத்தகப் பட்டியலை எழுதுவது யார்? – வாசகர் கேள்வி பதில்

கல்லூரிப் பாடநூல்களின் விலை குறித்து எழுதிக் கேட்கலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்தே மிகுதியான கடிதங்கள் வந்தன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எழுதியவர்கள் விரும்பியபடி பெயரை விட்டு ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: என் மகள் பி.காம். முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். ஒரு பருவத்துக்கு ஆறு புத்தகங்கள் கொண்ட பட்டியலைத் தந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் முன்பே வாங்கி வைத்திருந்த பழைய புத்தகங்கள் 2024 டிசம்பர் வெள்ளத்தில் ஊறி, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. எல்லாம் இணையத்தில் சும்மா கிடைக்கிறது என்கிறார்கள். அவற்றை எடுத்துப் படிப்பது தவறா? – ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: அம்மா, தென்பெண்ணை வெள்ளம் அந்த வாரத்தில் எத்தனையோ வீடுகளில் முதலில் நனைத்தது தரையோடு இருந்த புத்தக அடுக்கைத்தான். உங்கள் கேள்விக்கு வருகிறேன். இணையத்தில் சும்மா கிடைப்பவை ஒரே இனமல்ல. விற்பனையில் உள்ள நூலை யாரோ ஸ்கேன் செய்து டெலிகிராம் குழுவில் ஏற்றிவிடுவது ஒன்று. அது உரிமை மீறிய பிரதி. வெளியிட்டவரே படிக்கத் திறந்துவைத்திருப்பது இன்னொன்று. என்.சி.இ.ஆர்.டி. நூல்களை எவரும் இறக்கிப் படிக்கலாம்; ஆனால் பதிப்புரிமை அந்நிறுவனத்திடமே இருப்பதால், அதன் அனுமதியின்றி அவற்றை அச்சிட்டு விற்கவோ மாற்றி எழுதவோ முடியாது. இவ்விரண்டிலும் சேராததுதான் 'திறந்த கல்வி வளம்'. 2002இல் பாரிசில் யுனெஸ்கோ நடத்திய கூட்டத்தில் இப்பெயர் பிறந்தது. பதிப்புரிமைக் காலம் முடிந்ததாலோ, உரிமையாளரே திறந்த உரிமம் அளித்ததாலோ, எவரும் கட்டணமின்றிப் படிக்கவும் படியெடுக்கவும் தம் வகுப்புக்கேற்பத் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் இடமளிக்கும் கல்விப் பொருள் என்று 2019 நவம்பரில் யுனெஸ்கோ ஏற்ற பரிந்துரை அதை வரையறுக்கிறது.

உங்கள் மகளுக்கு இன்று வேண்டியதைச் சொல்கிறேன். பட்டியலில் எது பாடநூல், எவை பார்வை நூல்கள் என்று ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். பார்வை நூல்களை நூலகத்தில் பார்த்துக்கொள்ளலாம். முதல் பருவக் கணக்கியலின் அடித்தளம், மாநில அரசு தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் மேல்நிலைக் கணக்குப்பதிவியல் நூல்களிலேயே பெரிதும் அடங்கிவிடும். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வணிகவியல் பாடங்கள் 'இ-ஞானகோஷ்' தளத்தில் உள்ளன. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் 2012இல் தொடங்கிய 'ஓபன்ஸ்டாக்ஸ்' தளத்தில் கணக்கியல், வணிகப் புள்ளியியல் நூல்கள் முழுமையாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றின் கணக்குப் படிவங்களும் சட்டமும் அந்நாட்டுக்குரியவை என்பதை மறக்கக் கூடாது. பின்னர் வருமான வரிப் பாடம் வரும்போது, அதற்கான புத்தகத்தைப் புதிதாகவே வாங்கிக் கொடுங்கள். ஆண்டுதோறும் நிதிச் சட்டம் விகிதங்களை மாற்றும் பாடத்தில் பழைய நூலை நம்பினால் தேர்வில் தவறான விடையே எழுத நேரும்.

கேள்வி: பாடநூல் ஒன்றின் மூன்று அத்தியாயங்களை ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டு வைத்திருக்கிறேன். இது குற்றம் என்கிறான் அறைத்தோழன். உண்மையா? – முதுகலை மாணவர், காலாப்பட்டு

பதில்: குற்றமில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பயிற்றுவிப்பின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுப்பது உரிமை மீறல் ஆகாது என்கிறது. அந்த வரியின் பொருள் என்ன என்பது தில்லியில்தான் சோதிக்கப்பட்டது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடை, பாடத்திட்டத்தில் குறிக்கப்பட்ட பகுதிகளைப் பல நூல்களிலிருந்து தொகுத்து மாணவர்களுக்குக் கொடுத்து வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு பிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் 2012இல் கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன. 2016 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. பதிப்புரிமை என்பது தெய்வம் அருளிய உரிமையோ இயற்கை தந்த உரிமையோ அன்று என்ற கருத்து அத்தீர்ப்பில் இருக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, எத்தனை விழுக்காடு என்ற கணக்கு முக்கியமில்லை, பயிற்றுவிக்கும் நோக்கத்துக்கு அந்த அளவு தேவையா என்பதே கேள்வி என்று கூறி, அந்தத் தொகுப்புகளின் உள்ளடக்கம் அவ்வாறு தேவைப்பட்டதுதானா என்பதை விசாரணைக்கு அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றன.

ஆகவே பாடத்துக்கு வேண்டிய மூன்று அத்தியாயங்களை எடுத்ததில் நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. எனினும், முழு நூலையும் நூறு பிரதி போட்டு யாருக்கும் விற்கலாம் என்று இத்தீர்ப்பு எந்தக் கடைக்கும் உரிமை கொடுக்கவில்லை.

கேள்வி: என் அண்ணன் படித்த அதே புத்தகம் வீட்டில் இருக்கிறது. புதிய பதிப்புதான் வேண்டும் என்கிறார்கள். அப்படி என்ன மாறிவிட்டது? விலை மட்டும் ஏன் ஏறிக்கொண்டே போகிறது? – மாணவி, முத்தியால்பேட்டை

பதில்: என் உறவினர் மகன் ஒருவன் இதே கேள்வியோடு வந்தபோது, புள்ளியியல் நூல் ஒன்றின் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் திண்ணையில் பக்கத்தில் பக்கமாக விரித்து வைத்து, ஒரு மாலை முழுவதும் பென்சிலால் குறித்துக்கொண்டே போனோம். ஏழாம் அத்தியாயம் எட்டாம் அத்தியாயமாகியிருந்தது. பதினான்காம் கணக்கு இருபத்தொன்றாம் கணக்காகியிருந்தது, எண்கள்கூட மாறவில்லை. புதிதாக இருந்தவை வண்ணப் படங்களும் பத்துப் பன்னிரண்டு பக்கங்களும். அப்பட்டியலை அவன் பழைய நூலின் உள்ளட்டையில் ஒட்டிக்கொண்டு அந்தப் பருவத்தைக் கடந்தான். நீங்களும் அதைச் செய்யலாம். சட்டம், வரி, கணினி போன்ற பாடங்களில் புதிய பதிப்புக்குக் காரணம் உண்டு. நுண்கணிதத்தில் அத்தகைய காரணம் இருப்பது அரிது.

புதிய பதிப்பு வந்த உடனே பழைய புத்தகக் கடையில் இருக்கும் அத்தனை பிரதிகளும் மதிப்பிழக்கின்றன. பதிப்பகத்தின் விற்பனை மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்க அரசின் தொழிலாளர் புள்ளியியல் துறைக் கணக்குப்படி, 2006 ஜனவரி முதல் 2016 ஜூலை வரை அங்கே கல்லூரிப் பாடநூல்களின் விலை 88 விழுக்காடு ஏறியது. கல்விக் கட்டணம்கூட அதே காலத்தில் 63 விழுக்காடுதான் உயர்ந்தது. அதே நூல்கள் நமக்குக் குறைந்த விலையில், மெல்லிய தாளில், 'இந்தியா முதலிய இன்னின்ன நாடுகளில் மட்டுமே விற்பனைக்கு' என்ற எச்சரிக்கை வரியோடு வருவதைப் பின்னட்டையில் பார்த்திருப்பீர்கள். தாய்லாந்தைச் சேர்ந்த சுபாப் கிர்ட்செங் என்ற மாணவர், தம் நாட்டில் மலிவாக விற்ற பதிப்புகளை உறவினர் மூலம் தருவித்து அமெரிக்காவில் விற்றார்; வைலி பதிப்பகம் வழக்குத் தொடுத்தது; 2013 மார்ச்சில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மாணவர் பக்கமே தீர்ப்பளித்தது. ஒரே புத்தகத்துக்கு நாட்டுக்கு நாடு வேறு விலை வைக்க முடிகிறதென்றால், அந்த விலையில் தாளுக்கும் மைக்கும் உள்ள பங்கு எவ்வளவு சிறியது என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் அடியில் ஒரு காரணம் இருக்கிறது. புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், பணம் கொடுப்பவர் வேறொருவர். பட்டியலை எழுதும் பாடத்திட்டக் குழுவினர் அந்த நூலை விலை கொடுத்து வாங்குவதில்லை. வாங்கும் மாணவிக்குப் பட்டியலில் ஒரு வரியை மாற்றவும் உரிமையில்லை. இன்னொன்றும் எனக்கு நெடுநாளாக வருத்தம் தருகிறது. விலை எட்டாதபோது பிள்ளைகள் வேறு நல்ல நூலைத் தேடிப் போவதில்லை; ஐந்து மதிப்பெண், பத்து மதிப்பெண் கேள்விகளுக்கு விடை எழுதிய கைடை வாங்கிக்கொள்கிறார்கள். மூன்றாண்டுப் பட்டப்படிப்பை ஒரு முழு நூலையும் புரட்டாமல் முடித்தவர்களை நான் அறிவேன். அது அவர்களுடைய சோம்பல் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தால் பாடநூல்கள் இலவசமாகுமா? – வாசகர், நெய்வேலி

பதில்: ஆகாது. 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் அளித்த அத்திட்டம், அரசு நிறுவனங்களுக்கு ஆய்விதழ்களைப் பெற்றுத் தருவது. பட்ட மாணவர்களுக்கு அதைவிட நேரடியாகப் பயன்படுவது, கல்லூரிகளுக்கு மின்நூல்களைப் பெற்றுத் தரும் 'என்-லிஸ்ட்' திட்டம். கல்லூரி அதில் உறுப்பாக இருந்தால் நூலகரிடம் கேட்டுக் கணக்குத் தொடங்கி மின்நூல்களைப் படிக்கலாம். பல கல்லூரிகளில் இப்படி ஒன்று இருப்பதே மாணவர்களுக்குத் தெரிவதில்லை.

கேள்வி: எனக்குப் பார்வை இல்லை. நண்பர்கள் பாடநூலை ஒலிவடிவில் பதிந்து தர முன்வருகிறார்கள். பதிப்பகத்திடம் அனுமதி வேண்டுமா? – மாணவர், வில்லியனூர்

பதில்: வேண்டியதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம், மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தத்தக்க வடிவில் எந்த நூலையும் ஆதாய நோக்கின்றி ஆக்கிக்கொள்ள இடமளிக்கிறது. பார்வையற்றோருக்கான நூல்கள் குறித்த மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான்.

கேள்வி: திறந்த நூல்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தானே இருக்கின்றன? தமிழ்வழியில் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன வழி? – ஓய்வுபெற்ற ஆசிரியர், குறிஞ்சிப்பாடி

பதில்: ஐயா, தமிழில் ஒன்றுமே இல்லை என்று சொல்வது நமக்கு முன் உழைத்தவர்களுக்குச் செய்யும் அநீதியாகும். 1960களிலும் 70களிலும் அரசு முயற்சியில் இயற்பியல், வேதியியல், வரலாறு, பொருளியல் எனக் கல்லூரிப் பாடங்களுக்குத் தமிழில் ஏராளமான நூல்கள் எழுதப்பட்டன. அவற்றில் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இன்று படிக்கலாம். பொருளியல் நூல்களின் புள்ளிவிவரங்கள் பழையவை. வெப்ப இயக்கவியலின் விதிகள் பழையவை ஆவதில்லை. பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்களுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு தமிழில் வெளியிட்ட நூல்கள் 'இ-கும்ப்' தளத்தில் இருக்கின்றன.

இதைவிட முக்கியமான ஒன்றையும் சொல்ல வேண்டும். மொழிபெயர்க்கும் உரிமை பதிப்புரிமையின் ஒரு பகுதி என்பதால், விற்பனையில் உள்ள ஆங்கில நூலைத் தமிழாக்கி வெளியிட உரிமையாளரின் இசைவு வேண்டும். நம் ஊர் ஆசிரியர் எழுதும் கடிதத்துக்கு வெளிநாட்டுப் பதிப்பகத்திலிருந்து பதில் வருவதே அரிது. திருத்த இடமளிக்கும் திறந்த நூலுக்கு அந்த இசைவு முன்கூட்டியே அட்டைக்கு அடுத்த பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. உங்களைப் போன்ற நான்கு ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஆளுக்கு இரண்டு அத்தியாயங்களை எடுத்துக்கொண்டால், யாரையும் கேட்காமல் நாளையே தொடங்கலாம். திறந்த உரிமத்தால் தமிழுக்குக் கிடைக்கக்கூடிய பயன்களில் விலைக் குறைப்பைவிட இதையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

கேள்வி: பதினைந்து ஆண்டுகளாக நான் எழுதி வைத்திருக்கும் தாவரவியல் குறிப்புகளைத் திறந்த நூலாக வெளியிட விரும்புகிறேன். யாராவது தம் பெயரைப் போட்டுக் கைடாக விற்றுவிடுவார்களோ என்று தயக்கமாக இருக்கிறது. எப்படிச் செய்வது? – உதவிப் பேராசிரியர், பண்ருட்டி

பதில்: இந்தக் கட்டிலேயே எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த கடிதம் உங்களுடையது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 டிசம்பரில் வெளிவந்தன. அவை உங்கள் உரிமையைப் பறிப்பதில்லை. எதை எவரும் கேட்காமலே செய்யலாம் என்பதை நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடும் ஏற்பாடு அது. எல்லா வகையிலும் ஆசிரியர் பெயரைக் குறிப்பது கட்டாயம். வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் வகை ஒன்று உண்டு. திருத்துவதைத் தடுக்கும் வகை ஒன்று உண்டு. இரண்டாவதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். திருத்த முடியாத நூலை வேறொரு கல்லூரியின் ஆசிரியர் தம் பாடத்திட்டத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள முடியாது. உங்கள் அச்சத்துக்கு ஏற்றது 'பெயர் குறிப்பிடுக, அதே உரிமத்தில் பகிர்க' என்னும் வகையே என்பது என் கருத்து. தமிழ் விக்கிப்பீடியா கட்டுரைகளும் அவ்வகை உரிமத்திலேயே இருக்கின்றன. உங்கள் குறிப்பை மாற்றி ஒருவர் கைடு போட்டாலும், அதில் உங்கள் பெயர் இருக்க வேண்டும், அந்தக் கைடும் எவரும் படியெடுக்கத் திறந்ததாக இருக்க வேண்டும். விற்பதற்காகவே போடுகிறவர் இதற்கு உடன்படுவது கடினம்.

தொடங்குவதற்கு முன் சில வேலைகள் இருக்கின்றன. பணியின் பகுதியாக எழுதியவற்றின் முதல் உரிமையாளர் நிறுவனமே என்று சட்டத்தின் 17ஆம் பிரிவைக் காட்டி எவரேனும் கேட்கக்கூடும். ஆகவே நிர்வாகத்திடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிற நூல்களிலிருந்து எடுத்த படங்களை நீக்கி, உங்கள் மாணவர்களையே வரையச் சொல்லுங்கள். கடலோரச் சவுக்கையும் பிச்சாவரத்துச் சுரபுன்னையையும் நேரில் பார்த்து வரைந்த படம் எந்த வெளிநாட்டு நூலிலும் இல்லை. ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதால், சக ஆசிரியர் இருவரிடம் முதலில் படிக்கக் கொடுத்துப் பிழை நீக்குங்கள். அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் அந்த நூலின் பெயர் பட்டியலில் ஏற வேண்டும் என்று நீங்களே எழுந்து கேளுங்கள்; பட்டியலில் இல்லாத நூல் எவ்வளவு நல்லதாயினும் மாணவர் கைக்குப் போய்ச் சேராது.

குறிப்புகளைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் அவற்றை, எல்லாக் கணினிகளிலும் படிக்கத்தக்க பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றும்போது ஒற்றெழுத்துகளும் 'ஸ்ரீ', 'க்ஷ' போன்றவையும் சிதறலாம். ஒவ்வொரு பக்கமாகச் சரிபாருங்கள். வெளியிடும்போது பி.டி.எஃப். கோப்போடு, திருத்தத்தக்க மூலக் கோப்பையும் சேர்த்தே வையுங்கள்.